ஊர் அழிகிறதாம்!

கிராமம் காலியாகிறது, ஜனத்தொகை சரிகிறது என்று ஆய்வாளர்கள் ஒப்பாரி வைக்கிறார்கள். எந்தக் கிராமம் அய்யா? நமக்குத் தெரிந்தது ரெண்டு: ஊர் ஒன்று, சேரி ஒன்று.

புள்ளிவிவரம் பொய்யில்லை. 2011லேயே தமிழ்நாட்டில் 48 சதவீதம் பேர் நகரவாசிகள். 2019-21 குடும்பநல ஆய்வுப்படி ஒரு பெண்ணுக்குப் பிள்ளை 1.8, ஜனத்தொகை குறையாமலிருக்க 2.1 வேண்டும். உடனே பிரசங்கம் கிளம்பிவிட்டது. 2024இல் சந்திரபாபு நாயுடு, 2025இல் மு.க. ஸ்டாலின், பிள்ளை பெறச் சொன்னார்கள். எம்.பி. சீட்டுக்குத் தலை வேணும். பிறக்கிற தலைக்கு நிலம் எங்கே? செத்தால் சுடுகாட்டுக்குப் பாதை எங்கே?

ரெண்டு மீனாட்சிபுரத்தைப் பாருங்கள். 1981இல் அன்றைய நெல்லை மாவட்ட மீனாட்சிபுரத்தில் நூற்றுக்கணக்கான தலித்துகள் இஸ்லாத்துக்குப் போனார்கள். ஊரை விட்டு ஓரடி நகரவில்லை. டெல்லி வரை பதறியது. தூத்துக்குடி மாவட்ட மீனாட்சிபுரத்தில் தண்ணியில்லாமல் சனம் குடும்பம் குடும்பமாகக் கிளம்பியது. ஒற்றையாளாய்த் தங்கியிருந்த முதியவரும் 2024இல் இறந்தார். அது பத்திரிகையில் ஒரு செய்தி, அவ்வளவுதான். சாதி கலைந்தால் பதறுகிறவர்களுக்குச் சனம் கலைந்தால் வலிப்பதில்லை.

இடம்பெயர்ந்தவர்களிடம் 2011 கணக்கெடுப்பு காரணம் கேட்டது. வேலை, வியாபாரம், படிப்பு, கல்யாணம், பிறந்தபின் பெயர்ந்தது, குடும்பத்தோடு பெயர்ந்தது, மற்றவை. 1995இல் கொடியங்குளத்தில் போலீஸ் வீடு வீடாக நொறுக்கியது. 1997இல் மேலவளவில் பஞ்சாயத்துத் தலைவர் முருகேசனையும் உடனிருந்தவர்களையும் வெட்டினார்கள். 2022இல் வேங்கைவயலில் குடிதண்ணீர்த் தொட்டியில் மலம். இதற்கெல்லாம் அஞ்சி ஒருவன் கிளம்பினால் எந்தக் கட்டத்தில் எழுதுவான்? 'மற்றவை'யில்! பேரேடு எழுதிப் பிழைக்கிறவன் சொல்கிறேன்: வெளியே தெரியக்கூடாத கணக்கெல்லாம் அங்கேதான் படுத்திருக்கும்.

கிராமத்தை நாட்டின் அலகாக ஏற்கமுடியாது என்று 1948இல் அரசியல் நிர்ணய சபையிலேயே சொன்னார் அம்பேத்கர். தலித்துகளுக்குத் தனிக் குடியிருப்பு கேட்டது 1942 நாக்பூர் மாநாடு. ஆகவே ஊர் அழிகிறதென்று நாம் அழவேண்டியதில்லை. ஆனால் வெறுங்கையோடு வெளியேறுவது விடுதலையும் ஆகாது. ஊர்க்காரன் நிலத்தை பிளாட் போட்டு விற்றுவிட்டுப் போகிறான். சேரிக்காரன் துணிப்பையோடு போகிறான். 1892 முதல் கொடுத்த பஞ்சமி நிலம் யார் பட்டாவில் இருக்கிறது?

மாணவத் தோழர்களே, 2027 கணக்கெடுப்பில் சாதியையும் எண்ணப்போவதாக அறிவித்திருக்கிறார்கள். தலையை மட்டும் எண்ணவிடாதீர்கள். யார் விரட்டினான், நிலத்தை யார் பிடுங்கினான் என்று கேட்கிற கட்டத்தை உங்கள் ஆய்விலாவது போடுங்கள். காலியாகிற ஊரின் நிலம், போக்கிடமில்லாமல் அங்கேயே கிடக்கிற நம் சனத்துக்கு வரணும். அதுவரை இந்த ஒப்பாரியில் நமக்குப் பங்கில்லை.