வாவி நண்டுக்கு விலை சொல்வது யார்?

மண்முனைத்துறையில் விடியற்காலையில் நண்டு நிறுக்கும் இடத்தில் ஒரு மணித்தியாலம் நின்றேன். கால் கட்டிய நண்டுகளை வியாபாரி ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்க்கிறார். கால் ஒடிந்திருந்தால் விலை இறங்கும். சதை பிடிக்காவிட்டால் இன்னும் இறங்கும். "இண்டைக்கி என்ன விலை அண்ணன்?" என்று தோணியால் இறங்கியவரைக் கேட்டேன். வியாபாரியின் கைபேசியைக் காட்டினார். "அதுக்குள்ளதான் வரும் தங்கச்சி."

சர்வதேசமயமாதல் என்ற பெரிய சொல்லுக்கு வாவிக்கரையில் இதுதான் பொருள். 2007 வரை படுவான்கரைக்கும் எழுவான்கரைக்கும் இடையில் இந்த நீரைக் கடப்பதே சோதனைகளைத் தாண்டும் பயணமாக இருந்தது. இன்று இங்கு பிடிபடும் நண்டுக்குக் கடல் தாண்டியும் சந்தை உண்டு. சிங்கப்பூர் உணவகங்களில் 'இலங்கை நண்டு' என்பது தனிப் பெயர். கொழும்பில் 2011இல் பழைய ஒல்லாந்தர் வைத்தியசாலைக் கட்டடத்தில் திறந்த 'மினிஸ்ட்ரி ஒஃப் கிராப்' உணவகம் வெளிநாடுகளிலும் கிளை விட்டது. நண்டு உலகமயமாகிவிட்டது. பிடித்தவர் ஆகவில்லை.

உலகச் சந்தையின் அதிர்ச்சி மட்டும் தவறாமல் கரைக்கு வருகிறது. உயிர் நண்டு விமானத்தில் போகும் சரக்கு. 2020 மார்ச்சில் விமானப் பயணங்கள் முடங்கியபோது அதன் வழியும் அடைபட்டது. 2022இல் டொலர் சுமார் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியது. ஏற்றுமதியாளருக்கு அது கூடுதல் ரூபாய். இயந்திரம் பூட்டிய தோணிக்காரருக்கோ, அந்த ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ஆனது.

ஆகவே, ஏற்றுமதி கூடியதா என்பதோடு கேள்வி முடியாது. தரம் பிரிப்பது யார், விலை சொல்வது யார், பெயர் யாருடையது என்றும் கேட்க வேண்டும். பெயரைக் காக்க வழி இருக்கிறது. 2022 பெப்ரவரியில் 'சிலோன் கறுவா' ஐரோப்பிய ஒன்றியத்தில் புவிசார் குறியீடு பெற்றது. அதன்பின் வேறு நாட்டுக் கறுவாவை அந்தப் பெயரில் அங்கே விற்க முடியாது.

சுமார் 56 கிலோமீற்றர் நீண்ட நம் வாவியின் நண்டுக்கும் அப்படியொரு பெயரை ஏன் கேட்கக்கூடாது? அது நீண்ட வேலை. ஆனால் அன்றாட ஏற்றுமதி விலையை மீனவர் கூட்டுறவுச் சங்கத்தின் பலகையில் எழுதிப் போட நாளைக்கே முடியும். விலை கைபேசியிலிருந்து பலகைக்கு வரும் நாளில்தான் அந்த அண்ணனும் சந்தைக்குள் வருவார்.