பழைய வீட்டின் மீது சுமத்தப்படும் பழி

சென்னை முதலான தமிழக நகரங்களில் முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு முன் கட்டப்பட்ட தனி வீடு ஒன்றில் தளம் ஒழுகத் தொடங்கினால், அதற்குச் செலவிடும் பணம் விழலுக்கு இறைத்த நீர் என்றும், வீட்டை விற்றுவிட்டு அடுக்குமாடிக் குடியிருப்புக்கு மாறுவதே அறிவுடைமை என்றும் உற்றாரும் அண்டை அயலாரும் ஒரே குரலில் சொல்வது வழக்கமாகிவிட்டது. கட்டடத்தின் வயதே அதன் பலவீனம், புதியது எல்லாம் உறுதியானது, வீடு மாறுவதில் இழப்பு இல்லை என்ற மூன்று எடுகோள்களின் மேல் நிற்கும் இந்த நம்பிக்கை, அவற்றைத் தனித்தனியே சோதிக்கும்போது நிலைகுலைந்துவிடுகிறது.

வயது என்பது கட்டடத்தின் உறுதிக்கு அளவுகோல் ஆகாது. தேக்குச் சட்டங்களின் மேல் செங்கற்களைச் சாய்வாக நிறுத்தி வைத்துச் சுண்ணாம்புக் காரையால் பிணைத்து, அதன்மேல் செங்கல் ஜல்லியைக் கொட்டி இறுக்கி அமைக்கும் ‘மெட்ராஸ் டெரஸ்’ என்னும் மட்டப்பாத் தளங்கள், நூறாண்டு கடந்தும் மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் ஆட்களைத் தாங்கி நிற்கின்றன. மாறாக, 1993-இல் கட்டப்பட்ட திருவொற்றியூர் அரசுக் குடியிருப்பின் ஒரு பகுதி 2021 டிசம்பரில் சரிந்தது. மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் ஒன்று, ஒருவரும் குடியேறுவதற்கு முன்பே, 2014 ஜூன் 28 அன்று சரிந்து 61 உயிர்களைப் பறித்தது. உறுதியை முடிவு செய்பவை மண்ணும் பொருளும் வேலைத்தரமும் பராமரிப்புமே.

கான்கிரீட் வீடுகளைக் கெடுக்கும் முதன்மைக் காரணம் கம்பியில் ஏறும் துரு ஆகும். கான்கிரீட்டின் காரத்தன்மை கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு உள்ளே ஊடுருவி அந்தக் காரத்தன்மையைக் குறைக்கும்போதோ, கடற்காற்றின் உப்பு கம்பியை எட்டும்போதோ துரு தோன்றி, அது பருத்துக் கூரையின் அடிப்பூச்சைப் பிளந்து தள்ளுகிறது. காரத்தன்மை இழப்பு எவ்வளவு தூரம் பரவியுள்ளது என்பதை அறிய எளிய சோதனை உண்டு: புதிதாக உடைத்த கான்கிரீட்டின் மேல் பினால்ப்தலீன் கரைசலைத் தெளித்தால், நலமாக உள்ள பகுதி இளஞ்சிவப்பாக மாறும், காரத்தன்மை இழந்த பகுதி நிறம் மாறாமலே இருக்கும், உப்பின் அளவை ஆய்வகத்தில் தனியே பார்த்துக்கொள்ளலாம். குளியலறைக்கு மேலுள்ள நான்கடித் தளத்தில் மட்டும் கேடு இருப்பதாகத் தெரிந்தால், அங்கே கம்பியைத் துலக்கிப் பூச்சைப் புதுப்பித்தால் போதும். சுண்ணாம்புச் சுவருக்குச் சிமெண்ட் பூசி, உள்ளிருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் அடைத்து, ஓதம் ஏறியதும் ‘பழைய சுவர் தாங்கவில்லை’ என்று தீர்ப்பளிப்பது, தவறான பழுதுபார்ப்பின் குற்றத்தைச் சுவரின் தலையில் கட்டுவதாகும்.

வீடு மாறுவதற்கான செலவோ பெரும்பாலும் கணக்கில் வருவதே இல்லை. தமிழ்நாட்டில் மறுவிற்பனை வீட்டை வாங்குபவர் 7 விழுக்காடு முத்திரைத் தீர்வையும், 2023 ஏப்ரல் முதல் 2 விழுக்காடு பதிவுக் கட்டணமும் செலுத்துகிறார். 80 லட்சம் ரூபாய் வீட்டுக்கு இது 7,20,000 ரூபாய். கட்டுநரிடமிருந்து நேரடியாக வாங்குபவருக்கு முத்திரைத் தீர்வையில் சலுகை இருந்தாலும், நிறைவுச் சான்றிதழ் கிடைக்கும் முன் வாங்கினால் பொதுவாக 5 விழுக்காடு ஜிஎஸ்டி வந்து சேர்கிறது. தரகுக் கூலியும் உள் அலங்காரச் செலவும் தனி. ஒரு செங்கல்கூட ஆகாத இந்தத் தொகையில் பழைய வீட்டின் தளம், மின்கம்பி, குழாய் ஆகிய மூன்றையுமே பெரும்பாலும் சீரமைத்துவிடலாம்.

இதைவிடப் பெரிய இழப்பு மனையில் உள்ளது. நகரத்துச் சொத்தின் மதிப்பில் ஏறுவது நிலத்தின் விலை. கட்டடத்தின் மதிப்பு ஆண்டுதோறும் தேய்கிறது. மனைப் பரப்பைப் போல் எத்தனை மடங்கு தளப்பரப்பைக் கட்டலாம் என்பதைக் குறிக்கும் குறியீடு 2 ஆக உள்ள இடத்தில், 1,000 சதுர அடி வீட்டை வாங்குபவருக்குக் கிடைக்கும் பிரிபடாத மனைப் பங்கு, அதாவது எல்லைக்கல் நட்டுக் காட்ட முடியாத கூட்டுப் பங்கு, ஏறத்தாழ 500 சதுர அடி மட்டுமே. விற்ற பணத்தில் மிச்சம் கையில் நிற்கும் என்பது உண்மையே. ஆனால் முப்பது ஆண்டுகள் கழித்து அந்தப் புதிய வீடும் பழையதாகும்; அப்போது தளத்தைப் பழுதுபார்க்கவும் பல குடும்பங்களின் ஒப்புதலையும் சந்தாவையும் எதிர்நோக்கி நிற்க வேண்டும்.

இடம் மாறுவதே தக்கது என்னும் நிலைகளும் உண்டு. 2015 வெள்ளத்தில் மூழ்கிய முடிச்சூர் போன்ற தாழ்வான பகுதியில் வீட்டை ஜாக்கி வைத்து மூன்றடி உயர்த்தலாம், தெருவை உயர்த்த முடியாது. வாரிசுகளிடையே பாகப் பிரிவினை தீராத வீட்டிலும், கம்பி முழுவதும் அரித்துப்போன வீட்டிலும் பணத்தைக் கொட்டுவது தகாது. கம்பி முழுவதும் அரித்த நிலையைத் தவிர, கட்டடத்தில் உள்ள குறையைக் கட்டடத்திலேயே தீர்க்கலாம்; மற்றபடி இடத்தோடும் உரிமையோடும் பிறந்த குறைக்கு மட்டுமே வெளியேற்றம் மருந்தாகும்.

ஆகவே, கட்டமைப்புப் பொறியாளரின் சோதனை அறிக்கை, பழுதுபார்ப்பு மதிப்பீடு, இடமாற்றத்தின் முழுச்செலவு ஆகிய மூன்றையும் அருகருகே வைத்துப் பார்க்கும் வரை எந்த வீட்டையும் கைவிடத் தக்கது என முடிவு கட்டலாகாது. அதுவரை ‘இடித்துவிடலாம்’ என்று சொல்பவர், அந்த மனை கைமாறுவதால் ஆதாயம் பெறுபவராக இருந்தால், அவர் சொல்லைத் தொழில்முறைக் கருத்தாக எடுத்துக்கொள்ளாமல் விலைப்பேச்சாகவே கொள்ள வேண்டும்.