உதவித்தொகையோடு ஓர் உரிமப் படிப்பு: அமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு மருத்துவம் மற்றும் மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர் அவர்களுக்கு,

ஆவடியை அடுத்த வெள்ளானூரிலிருந்து எழுதுகிறேன். பள்ளி ஆசிரியையாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். எங்கள் மாவட்டத்துத் திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரியில் மருத்துவ உளவியல் பயிற்சிக்கு இடங்கள் உருவாக்க வேண்டும், அதில் சேருகிறவர்களுக்கு மாதாமாதம் உதவித்தொகை தரவேண்டும் என்று கேட்கத்தான் இந்த மடல்.

வகுப்பில் வாய்மொழியாகக் கேட்டால் டக்கென்று பதில் சொல்லும் பிள்ளை, எழுதச் சொன்னால் 'படம்' என்பதை 'டபம்' என்று எழுதும். சோம்பேறி என்று திட்டு வாங்கியே அது வளரும். கற்றல் குறைபாடு என்று சான்று கிடைத்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் உண்டு, சொல்வதை எழுதித்தர ஆளும் உண்டு. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அறிவித்த 21 வகைகளில் இதுவும் ஒன்று. 2018-இல் வந்த வழிகாட்டு நெறிகளின்படி எட்டு வயது நிறைந்தால்தான் முதல் சான்று, பிறகு 14 வயதிலும் 18 வயதிலும் மறுபடியும் சோதனை என்று இருந்தது.

மருத்துவ உளவியலாளர் செய்யும் அந்தச் சோதனையைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். ஒரு நேரத்தில் ஒரு பிள்ளைதான். எண்களை வரிசையாகச் சொல்லி, பின்னாலிருந்து திருப்பிச் சொல்லச் சொல்கிறார்கள். உருவங்களைப் பார்த்து வரையச் சொல்கிறார்கள். வகுப்புக்கு ஏற்ற பத்தியை உரக்க வாசிக்கவைத்து, எந்த எழுத்தில் தடுமாறுகிறது, எந்த வரியைத் தாண்டிப்போகிறது என்று குறிக்கிறார்கள். பிள்ளை சோர்ந்துவிட்டால் நிறுத்தி, மறுநாள் வரச் சொல்கிறார்கள். அதன்பிறகு பெற்றோரிடம் நீண்ட விசாரணை, அப்புறம் அறிக்கை. கற்றுத் தேர்ந்தவர் கையில்தான் இந்த வேலை உருப்படும்.

ஆனால் அப்படித் தேர்ந்தவர் ஆவதற்கான வழியோ மிகக் குறுகலாக இருக்கிறது. எம்.எஸ்சி. சைக்காலஜி மட்டும் படித்தால் போதாது. பெயருக்கு முன்னால் 'முனைவர்' இருந்தாலும் போதாது. நினைவாற்றலைப் பற்றி ஆய்வு செய்து பிஎச்.டி. வாங்கியவர் ஒரு நோயாளியைக்கூடப் பார்த்திராதவராக இருக்கலாம். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மேற்பார்வையோடு கூடிய மருத்துவப் பயிற்சி அடங்கிய இரண்டாண்டு முழுநேர எம்.ஃபில்., அல்லது இந்திய மறுவாழ்வு மன்றம் ஏற்ற வேறு தகுதி இருந்தால்தான் ஒருவரை மருத்துவ உளவியலாளர் என்கிறது. அந்த மன்றத்தில் பதிவு செய்தால்தான் உரிம எண். ஆர்.சி.ஐ. லைசென்ஸ் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான்.

இந்தக் கண்டிப்பைத் தளர்த்தச் சொல்லி நான் கேட்கவில்லை. தற்கொலை எண்ணத்தோடு வந்து உட்காருகிறவர் எதிரே அரைகுறையாகப் படித்தவர் இருக்கக் கூடாது. பதிவில்லாமல் தொழில் செய்தால் அந்த மன்றத்துக்கான 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஓராண்டு வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இன்றைக்கு ஆயிரம் ரூபாய்க்கு யார் பயப்படப் போகிறார்கள்? உரிமம் பெற்றவர்கள் பக்கத்திலேயே இருந்தால்தான் மக்கள் போலிகளிடம் போகமாட்டார்கள்.

என்னிடம் படித்த ஒரு பெண் எம்.எஸ்சி. சைக்காலஜியில் முதல் வகுப்பு. தனியார் நிறுவனம் ஒன்றில் எம்.ஃபில்.லுக்கு இடமும் கிடைத்தது. அவர்கள் கேட்ட கட்டணம் அவள் அப்பாவின் வருமானத்துக்கு எட்டாத தொகை. முழுநேரப் படிப்பு என்பதால் வேலை பார்த்துக்கொண்டே படிக்கவும் முடியாது, உதவித்தொகையும் இல்லை. இப்போது அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் வருகைப் பதிவேடு பார்க்கிறாள். வகுப்பில் அழுகிற பிள்ளையைச் சமாதானப்படுத்த ஆசிரியர்களே அவளைக் கூப்பிட்ட காலம் உண்டு. நினைக்க நினைக்க மனசு ஆறவில்லை.

இனிமேல் வருகிறவர்களுக்கு இன்னும் சிரமம். 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை எம்.ஃபில். பட்டத்தையே கைவிட்டது. மருத்துவ உளவியல் எம்.ஃபில்.லுக்குப் பல்கலைக்கழக மானியக் குழு 2025-26 கல்வியாண்டு வரை தவணை கொடுத்தது. உளவியலைத் தொலைநிலைக் கல்வியில் படிக்கும் வழியையும் 2025-இல் அடைத்துவிட்டார்கள். சை.டி. என்ற நான்காண்டு முனைவர் படிப்பு இருக்கிறது. இரண்டு வருடத்துக்கே வழியில்லாத வீடு நான்கு வருடத்துக்கு எங்கே போகும்?

இங்கிலாந்தில் மருத்துவ உளவியல் மூன்றாண்டு முனைவர் படிப்பு. படிக்கிறவரை அரசின் தேசிய சுகாதாரப் பணி ஊழியராகச் சேர்த்துக்கொண்டு சம்பளம் கொடுக்கிறது. நம் பக்கத்திலேயே, பெங்களூரு நிம்ஹான்ஸில், பயிற்சியில் இருப்பவர்களுக்கு உதவித்தொகை உண்டு. 1794-இல் தொடங்கிய கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை இருக்கிற மாநிலம் இது. 2022 ஜனவரி 12 அன்று ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகளைத் திறந்தோம். திருவள்ளூர் அவற்றில் ஒன்று. பயிற்சிக்கு வேண்டிய மனநலப் பிரிவும் அங்கே இருக்கிறது, நோயாளிகளும் இருக்கிறார்கள்.

மன்றம் கேட்கும் தகுதியுள்ள ஆசிரியர்களை அங்கே நியமியுங்கள். டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் வழியாக, மன்றம் இப்போது ஏற்கும் படிப்பு எதுவோ அதற்கு விண்ணப்பம் போடச் செய்யுங்கள். பட்ட மேற்படிப்பு மருத்துவர்களுக்குக் கொடுப்பதுபோல் இவர்களுக்கும் உதவித்தொகை கொடுங்கள். பதிலுக்கு, உரிமம் வாங்கியதும் இரண்டு ஆண்டு அரசு மருத்துவமனைகளில் பணியாற்ற வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஆவடி, பூந்தமல்லி மருத்துவமனைகளுக்கு அவர்களை அனுப்பலாம். அனுமதி தரவேண்டியது டெல்லி என்றாலும், விண்ணப்பம் போடச் செய்யவேண்டியது உங்கள் துறைதான். அடுத்த மானியக் கோரிக்கையில் இதற்கு நிதி ஒதுக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை,
வெள்ளானூர், திருவள்ளூர் மாவட்டம்.