மார்கழியில் தோண்டும் கிழங்கு

சென்ற ஐப்பசியில் நம் கிளை ஊழியர் நால்வர் சேர்ந்து, பாறசாலையில் தங்கியிருந்த வாடகை வீட்டின் மொட்டை மாடியில் பன்னிரண்டு சாக்குகளில் உருளைக்கிழங்கு நட்டோம். கடையில் வாங்கிய கிழங்கு முளைவிட்டிருந்தது, வீணாக்க மனமில்லை. செடி செழித்தது. இலையைக் கண்டு மனம் நிறைந்து, தை பிறக்கும்போது பொங்கலுக்கு நம் கிழங்கே போதும் என்று வீடுகளுக்குத் தொலைபேசியில் சொல்லியும் விட்டோம். தோண்டியபோது கிடைத்தவை நெல்லிக்காய் அளவு உருண்டைகள். பன்னிரண்டு சாக்குக்கும் சேர்த்து ஒரு கிலோ தேறவில்லை.

இதைக் கேட்டு, வங்கிக்கு வழக்கமாக வரும் ஓர் அம்மையார் சிரித்தார். "அது மலைக்காரக் கிழங்கு, சாரே. நம்ம மண்ணுக்குச் சீவக்கிழங்குதான் தரும்" என்றார். அவர் சொன்னதில் அறிவியல் உண்டு. உருளைச் செடி கிழங்கு கட்ட இரவு குளிர்ந்திருக்க வேண்டும். ஏறத்தாழ 20 டிகிரிக்கு மேல் இரவு வெப்பம் நின்றால் செடி இலையைத்தான் வளர்க்கும். நீலகிரியிலும், கேரளத்தில் வட்டவடை, காந்தலூர் பக்கமும் அது விளைவது அதனால்தான். நெய்யாற்றின்கரை வட்டத்து எல்லைக் கிராமங்களில் மார்கழியிலும் போர்வை தேடும் இரவுகள் அரிது.

சீவக்கிழங்கு என்பது மலையாளத்தில் கூர்க்க. களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் சிறுகிழங்கு. எல்லைக்கோடு 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோட்டைத் தமிழகத்துக்கும் நெய்யாற்றின்கரையைக் கேரளத்துக்கும் பிரித்துக் கொடுத்தது. கிழங்கை அது பிரிக்கவில்லை. இப்பக்கம் தனு மாதத் திருவாதிரைப் புழுக்கிலும், அப்பக்கம் தைப்பொங்கல் குழம்பிலும் பொரியலிலும் அதே கிழங்குதான் வேகிறது. இரண்டு பண்டிகைக்கும் சரியாக அது விளைவதற்குக் காரணம் பகலின் நீளம். பகல் குறுகத் தொடங்கிய பிறகே இக்கொடி கிழங்கு கட்டுகிறது. ஆனியில் விதைக்கிழங்கை நாற்றங்காலில் இட்டு, ஆடி ஆவணியில் நுனிக்கொடியைச் சாண் நீளத்துக்குச் சற்றுக் குறைவாகக் கிள்ளி வரப்பில் நட்டு, ஒன்றரை மாதத்தில் மண் அணைத்துவிட்டால், துலாமழை மீதியைப் பார்த்துக்கொள்ளும். இலை பழுத்ததும் தோண்டலாம். தோலை நீக்குவதுதான் துன்பம். ஈரச் சாக்கில் கட்டிக் கல்லில் தேய்ப்பது பழைய முறை. கத்தியால் சீவ முற்பட்டவர் விரல் கறுத்து இரண்டு நாள் அலைவார். நம் காசாளர் அவ்வாறு அலைந்தார்.

வங்கி இதழில் இதை எழுதக் காரணம் உண்டு. மேற்சொன்ன அம்மையார் ஈராண்டுகளுக்கு முன் நகையை அடகு வைத்து, குத்தகை நிலத்தில் ஓணத்துக்காக நேந்திரன் வாழை வைத்தார். குலை தள்ளிய நேரத்தில் ஆனிக் காற்று அடித்துப் பெரும்பகுதியைச் சாய்த்துவிட்டது. மாநில அரசின் பயிர்க் காப்பீட்டில் வாழைக்கு மரக் கணக்கில் இழப்பீடு பெற வழியுண்டு, அவர் சேர்ந்திருக்கவில்லை. அவ்வாண்டு மார்கழியில் வட்டி கட்ட வந்தபோது அவர் கையிலிருந்த பணத்தில் ஒரு பகுதி, வீட்டுப் பின்புறத்து ஐந்து சென்டில் தோண்டிய சிறுகிழங்கை விற்றது. நகை ஏலத்துக்குப் போகாமல் நின்றது. அந்த ஐந்து சென்டுக்கு அவர் எவரிடமும் கடன் வாங்கவில்லை.

நம் கருத்து இதுதான்: வீட்டு வளாகத்தில் வெயில் விழும் மூன்று சென்ட் இருப்பவர் அதைச் சிறுகிழங்குக்கு ஒதுக்க வேண்டும், அதற்காகக் கடன் கேட்டு எங்களிடம் வரக் கூடாது. ஹெக்டேருக்கு 20 டன் என்பது நல்ல பராமரிப்பில் கிடைக்கும் விளைச்சல். வீட்டுப் பக்குவத்தில் அதில் பாதி என்று வைத்தாலும் சென்டுக்கு 40 கிலோ. மூன்று சென்டுக்கு 120. ஒரு குடும்பம் உண்டு, உறவுக்குக் கொடுத்து, எஞ்சியதைச் சந்தையிலும் விற்கலாம். செலவு, விதையும் சாணமும் உடல் உழைப்பும்தான்.

எல்லா நிலத்துக்கும் இது பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வளர்ந்த ரப்பரின் நிழலில் இக்கொடி கிழங்கு கட்டாது. மறுநடவு செய்தவர்களுக்கு முதல் மூன்று ஆண்டு இடைவெளி உண்டு, அதைப் பயன்படுத்தலாம். ஒரே இடத்தில் ஆண்டுதோறும் நட்டால் நூற்புழு பெருகிக் கிழங்கு முடிச்சு முடிச்சாகும். திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் 1963 முதல் இயங்கும் மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம், முதலில் ஸ்ரீபத்ரா என்னும் சர்க்கரைவள்ளி ரகத்தை நட்டு நூற்புழுவைச் சிக்க வைக்கும் முறையைக் காட்டியிருக்கிறது. அந்நிலையம் வெளியிட்ட சிறுகிழங்கு ரகத்தின் பெயர் ஸ்ரீதாரா. நமக்கு ஒரு மணி நேரப் பயணத் தொலைவில் இத்தகைய நிலையம் இருக்க, மலைப் பயிரைச் சாக்கில் நட்டோமே என்று இப்போது வெட்கமாக இருக்கிறது.

கிழங்கு ஏழையின் உணவு என்று ஒதுக்குவோர் திருவிதாங்கூர் வரலாற்றை நினைத்துப் பார்க்கலாம். 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மரச்சீனியைப் பரப்ப முனைந்தார். 1942இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்து அங்கிருந்து அரிசி வருவது நின்றபோது, இந்நாட்டு மக்களின் வயிற்றைத் தாங்கியது அம்மரச்சீனிதான். இன்று காய்கறிக்கு வடசேரிச் சந்தையையும் அதற்கப்பாலும் நோக்கியிருக்கும் நமக்கு அந்நினைவு மங்கிவிட்டது.

குத்தகைக்கு நிலம் எடுத்துப் பெரிதாகச் செய்வோரின் நிலை வேறு. அவர்களுக்குக் கடன் வேண்டும். நகைப் பெட்டியைத் திறப்பதற்கு முன் கிசான் கடன் அட்டையைப் பற்றிக் கேட்க வேண்டும். வாய்மொழிக் குத்தகைதாரரும் அதற்குத் தகுதியுடையவரே. 3 லட்சம் ரூபாய் வரையிலான பயிர்க் கடனுக்கு வட்டி 7 விழுக்காடு. தவணை தவறாமல் அடைத்தால் 3 விழுக்காடு சலுகை போக 4தான். 2025 ஜனவரி 1 முதல் 2 லட்சம் வரை ஈடு கேட்பதில்லை. குறுநில விவசாயிக்கு 10,000 முதல் 50,000 ரூபாய் வரை, நிலத்தின் மதிப்பைப் பாராமல் தரும் ஏற்பாடும் இதில் உண்டு. தனியாக வரத் தயங்கும் பெண்கள் குடும்பஸ்ரீயின் கூட்டுப் பொறுப்புக் குழுவாக வரலாம். இவற்றையெல்லாம் அந்த அம்மையாரிடம் வாழை வைக்கும் முன்பே சொல்லியிருக்க வேண்டியவர்கள் மேசைக்கு இப்பக்கம் அமர்ந்திருக்கும் நாம். நகைக் கடனுக்கு அரை மணி நேரம் போதும். கிசான் அட்டைக்குக் குத்தகை விவரம் கேட்டு, நிலத்தைப் பார்த்து, தாள் நிரப்ப வேண்டும். எளிய வழி எங்களுக்கு எளிதாக இருந்தது என்பதே உண்மை.

கடனைவிட அரிதாகிவருவது விதை. ஒரு பருவம் நடாமல் விட்ட வீட்டில் மறு ஆண்டுக்கு விதைக்கிழங்கு இராது; கடையில் கேட்டால் குழம்புக் கிழங்கைக் காட்டுவார்கள். ஆகவே தோண்டும் நாளிலேயே நோயில்லாத, நடுத்தர அளவுக் கிழங்குகளை எடுத்து ஒதுக்கிவிட வேண்டும். தின்றது போக மீதியை விதைக்கு வைப்போம் என்றால் மீதி இருக்காது. சேமிப்பைப் பற்றி நாம் வாடிக்கையாளருக்குச் சொல்வதும் இதைத்தான், ஆனால் கிழங்கு விஷயத்தில் அந்த அம்மையார் நமக்குச் சொன்னார்.

அவர் கொடுத்த ஒரு கிலோ விதைக்கிழங்கு இப்போது கிளையில், பழைய பதிவேட்டு அறையின் மூலையில், உலர்மணலில் கிடக்கிறது. எலிக்கு அஞ்சி மேலே கம்பிவலை போட்டிருக்கிறோம். ஆனி வர இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. நாற்றங்காலில் கொடி மிகுந்தால், ஆடியில் கேட்டு வருவோருக்குக் கட்டுக் கட்டாகக் கொடுப்பதென்று முடிவு செய்திருக்கிறோம். விண்ணப்பப் படிவம் கிடையாது; பை மட்டும் கொண்டு வந்தால் போதும்.