கருவி ஓடும், கணக்கு வராது

சென்னையில் ஜெமினி மேம்பாலத்தை ஒட்டிய அமெரிக்கத் துணைத் தூதரகத்தின் காற்றளவுக் கருவி, மணிக்கு ஒருமுறை ஓர் எண்ணை ஊருக்குச் சொல்லி வந்தது. 2025 மார்ச்சில் அது வாய் மூடியது. டெல்லி, மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத் உட்பட, உலகெங்கும் உள்ள அமெரிக்கத் தூதரகங்களின் காற்றளவுகள் ஒரே உத்தரவில் நின்றன. பணம் இல்லையாம். உலகின் ஆகப் பெரிய பணக்கார நாடு சொல்கிறது, நம்பிக்கொள்வோம்.

ஆனால் உத்தரவின் மறுபாதியைத்தான் ஜீரணிக்க முடியவில்லை. கருவிகளைத் தொடர்ந்து ஓடவிடுங்கள், நிதி வந்தால் மீண்டும் வெளியிடுவதைப் பார்க்கலாம் என்கிறது அது. கருவி ஓடும், அளவு எடுக்கும், அந்த அளவை மட்டும் நமக்குச் சொல்லாது. உலை வைத்து, சோறு வடித்து, பரிமாறுவதை மட்டும் நிறுத்தும் சிக்கனத்தை எந்தக் குடித்தனத்திலும் நாம் கண்டதில்லை.

ஆலந்தூரிலும் மணலியிலும் வேளச்சேரியிலும் நம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களின் நிலையங்கள் இருக்கின்றனவே, அந்நியன் கருவி எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். ஒரு கடைத் தராசில் சந்தேகம் வந்தால் பக்கத்துக் கடைத் தராசில் வைத்துப் பார்ப்பதில்லையா? அதற்குத்தான். நம் அதிகாரிகளின் கைக்கு எட்டாத இடத்தில் ஓர் எண் இருந்தது; அது இருந்ததாலேயே நம் எண்களுக்கும் கொஞ்சம் கூச்சம் இருந்தது. நுண்துகள் ஆண்டுச் சராசரிக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்த வரம்பு கனமீட்டருக்கு 5 மைக்ரோகிராம். நாம் நமக்கு வைத்துக்கொண்டது 40. இப்படித் தாராளமாகக் கோடு கிழிக்கிற நாட்டில் இரண்டாவது தராசு ஆடம்பரமல்ல.

இதுபோன்ற அளவுக்கு மதிப்பே அறுபடாத தொடர்ச்சியில்தான். 2018 போகியன்று புகைமூட்டத்தில் மீனம்பாக்கத்தில் விமானங்கள் இறங்க முடியாமல் திண்டாடினவே, அந்தக் காலையை அடுத்தடுத்த போகிகளோடு ஒப்பிட ஆண்டுக்கணக்கான எண்கள் வேண்டும். வெயில் ஏறும் நாளில் தரைமட்ட ஓசோனும் ஏறுகிறது. காற்று அசையாத நாளில் புகை தெருவிலேயே தங்குகிறது. வெப்பம் கூடிவரும் நகரம், இளைப்பு நோய்க் குழந்தையை எந்த நாளில் வெளியே அனுப்பலாம் என்று எதைப் பார்த்து முடிவுசெய்யும்? நடுவில் அறுந்த கணக்கைப் பின்னால் எத்தனை கோடி கொட்டினாலும் ஒட்டவைக்க முடியாது.

இந்தக் கருவிகளின் கதை தொடங்கியது பெய்ஜிங்கில், 2008-இல். 2012-இல் சீன அதிகாரிகள், வெளியிடுவதை நிறுத்துங்கள் என்று பகிரங்கமாகக் கேட்டபோது அமெரிக்கா அசையவில்லை. அடுத்த ஆண்டே சீனா தன் நகரங்களின் அளவுகளைத் தானே மணிக்கு ஒருமுறை வெளியிடத் தொடங்கியது. தூதரகக் கருவி வந்த நகரங்களில் மாசு குறைந்ததாக 2022-இல் ஆய்வும் வந்தது. பெய்ஜிங் கேட்டும் நடக்காததை வாஷிங்டன் தன் கையாலேயே செய்துகொண்டது.

இந்த உத்தரவைப் போட்டவர்களுக்கு அளவில் கைவைப்பது புதிதல்ல. 2019-இல் டோரியன் புயலின் வரைபடத்தில் பேனாவால் ஒரு வளைவைக் கூட்டி, அலபாமாவையும் புயலுக்குள் இழுத்தவர்கள் இவர்கள். அலபாமாவுக்கு ஆபத்தில்லை என்று உண்மையைச் சொன்ன பர்மிங்காம் வானிலை அலுவலகத்தின் தலையில், எவர் பெயரும் இல்லாத அறிக்கையால் மேலிடம் குட்டியது. 2025 மே மாதம், நூறு கோடி டாலருக்கு மேல் நாசம் செய்த பேரிடர்களை 1980 முதல் வரிசைப்படுத்திய பட்டியலை மூடினார்கள். புயல் பருவம் தொடங்கிய ஜூனில், மேகத்தை ஊடுருவிப் புயலின் உட்கூட்டைக் காட்டும் செயற்கைக்கோள் தரவைச் சில நாள் அவகாசத்தில் நிறுத்தப்போவதாக அறிவித்தார்கள். கூச்சல் எழுந்ததும் ஒரு மாதம் தள்ளினார்கள், பிறகு பின்வாங்கினார்கள். தேசியப் பருவநிலை மதிப்பீடுகள் இருந்த இணையதளமே ஒருநாள் காணாமல் போனது. ஒவ்வொரு முறையும் ஒரு சாக்கு: பணம், பாதுகாப்பு, முன்னுரிமை. ஒவ்வொரு முறையும் இலக்கானது ஓர் அளவு. சிக்கனக்காரன் கை இத்தனை குறிபார்த்தா விழும்?

உலக நாடுகள் இதை வாய்மூடிப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. நம் நகரங்களும் பிறர் தராசை நம்பிய காலம் முடிந்ததென உணர்ந்து, ஆகவேண்டியதைச் செய்தாக வேண்டும். அதுவரை, உத்தரவுப்படி அந்தக் கருவி ஓடிக்கொண்டிருந்தால், அடுத்த போகிப் புகையையும் அது அளக்கும். சுவாசிப்பது மதிலுக்கு வெளியே இருக்கும் நாம். எண் மட்டும் உள்ளேயே இருக்கும்.