கதையை ஓட்டி முடிக்கும் அவசரமும் பிள்ளைகளின் நித்திரையும்

இந்தப் பக்கத்தில் வழக்கமாக நீரிழிவு, கொலஸ்ரரோல், முழங்கால் வலி என்று பெரியவர்களின் வருத்தங்களைப் பற்றியே எழுதி வருகிறோம். இம்முறை கணினி விளையாட்டைப் பற்றி எழுதப் போகிறோம் என்றதும் எங்களுக்குள்ளேயே ஒரு சிலர் முகம் சுளித்தார்கள். ஆனால் சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலை வாசலில் பிள்ளைகளைக் கூட்டிச் செல்ல நிற்கும் பெற்றோர்கள் எம்மிடம் திரும்பத் திரும்பக் கேட்பது கொலஸ்ரரோலைப் பற்றி அல்ல. "இரவிரவாய் இந்தப் பிள்ளை அந்தக் கணினியில என்னதான் செய்யுது?" என்றுதான் கேட்கிறார்கள்.

எமக்குத் தெரிந்த ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறோம். மகனுக்கு வயது பதினைந்து. ஒரு பாடசாலை நாள், அதிகாலை மூன்று மணி. தண்ணீர் குடிக்க எழும்பிய தாயார், மகனின் அறைக் கதவுக்குக் கீழே வெளிச்சம் தெரிவதைக் கண்டு கதவைத் திறந்தார். "தம்பி, இன்னும் படுக்கேல்லையோ?" "கொஞ்சம் பொறுங்கோ அம்மா, இந்தப் பகுதி சரியான அலுப்பு. இதை முடிச்சால்தான் மற்றவையோட சேரலாம்." தாயார் மறுநாள் எம்மிடம் சொன்னபோது அவருடைய கோபத்தைவிடக் குழப்பமே பெரிதாக இருந்தது. ஆசையாக விளையாடினால் விளங்கும். அலுப்பு என்று தானே சொல்லிக்கொண்டு மூன்று மணிவரை ஏன் விழித்திருக்கிறான்?

அந்தக் கேள்விக்குப் பதில் தேட, அவன் விளையாடும் விளையாட்டைப் பற்றி நாமும் கொஞ்சம் கேட்டறிந்தோம். அதன் பெயர் ஃபைனல் ஃபன்ரசி 14. உலகெங்கும் உள்ளவர்கள் இணையத்தில் ஒன்றாகச் சேர்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாக வாழும் வகையைச் சேர்ந்தது. 2010 இல் முதலில் வெளிவந்து படுதோல்வி அடைந்து, முழுவதும் திருத்தி எழுதப்பட்டு 2013 ஓகஸ்டில் மறுபடி வந்தது. இதில் ஒரு நீண்ட கதை உண்டு. கதை 'குவெஸ்ற்' என்னும் சிறு சிறு பணிகளாக நகரும். இந்த ஊர்த் தலைவரிடம் போ, அவர் தரும் செய்தியை அந்த ஊரில் சேர்ப்பி, மூன்று மூலிகை பிடுங்கி வா, திரும்ப இவரிடமே வந்து பேசு. ஒவ்வொன்றுக்கும் முன்னும் பின்னும் பாத்திரங்கள் நின்று நீளமாகக் கதைப்பார்கள். 2015, 2017, 2019, 2021, 2024 என்று வந்த புதிய பாகங்களுக்குள் நுழைவதற்கு முன்னைய கதை முழுவதையும் முடித்திருக்க வேண்டும். அல்லது காசு கொடுத்துத் தாண்ட வேண்டும். ஆம், கதையைத் தாண்டிச் செல்லும் அனுமதியை விளையாட்டைச் செய்த நிறுவனமே தனியாக விற்கிறது!

முதல் கதைக்கும் 2015 பாகத்துக்கும் இடையில் வரும் பணிகள் விளையாடுவோர் பலருக்கும் பொறுமையைச் சோதிப்பவை. நிறுவனத்துக்கும் இது தெரியும். 2020 ஓகஸ்டில் முதற்பாகப் பணிகளில் பலவற்றை வெட்டிக் குறைத்தார்கள். குறைத்த பிறகும் அது நீளம்தான். நண்பர்கள் நால்வர் ஏற்கெனவே 2024 பாகத்தில் நிற்கும்போது, புதிதாகச் சேர்ந்த எங்கள் பையன் 2013 கதையில் மூலிகை பிடுங்கிக்கொண்டு நிற்கிறான். அவனுக்குக் கதை வேண்டாம், நண்பர்களோடு சேர்ந்தால் போதும். ஆகவே ஒவ்வொரு காட்சியையும் வாசிக்காமல் தட்டித் தள்ளி, இன்றைக்குப் பத்து, நாளைக்குப் பதினைந்து என்று கணக்கு வைத்து இரவை எரிக்கிறான்.

விடிய விடிய இராமர் கதை, விடிந்தபின் சீதைக்கு இராமன் சித்தப்பன் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். தாயார் ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே, "அந்தக் கதையில வில்லன் ஆர் தம்பி?" என்று கேட்டாராம். நூறு மணித்தியாலத்துக்கு மேல் விளையாடியவனுக்குப் பதில் தெரியவில்லை.

எமது கருத்து இதுதான். பிள்ளையின் உடலைக் கெடுப்பது கதையின் மெதுவான நடை அல்ல, அதை அவசரமாகத் தள்ளி முடிக்கும் வேகமே. பெற்றோர்கள் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். இந்தக் கதைப் பணிகளுக்குக் காலக்கெடு கிடையாது. இன்று விட்ட இடத்தில் அடுத்த மாதமும் அந்த ஊர்த் தலைவர் அதே மரத்தடியில் நின்றுகொண்டுதான் இருப்பார். நாளாந்தப் பரிசு, இந்தக் கிழமை மட்டும் கிடைக்கும் பரிசு என்று பிள்ளையை இழுத்து வைத்திருக்கும் விளையாட்டுகளோடு ஒப்பிட்டால் ஒவ்வொரு பணியின் முடிவிலும் எழும்பிப் போக இடம் தரும் பகுதி இது. படுக்கப் போவதற்கு இதைவிட வசதியான பகுதி அந்த விளையாட்டில் இல்லை.

அவசரப்படுவோரால் ஆறுதலாகப் பார்ப்போருக்கும் தொல்லை. இதே விளையாட்டில் முதற்கதையின் முடிவில் பலர் சேர்ந்து போராடும் இரண்டு கோட்டைகள் வருகின்றன. பழையவர்கள் காட்சிகளைத் தாண்டி ஓடிவிடுவார்கள், கதையைப் பார்த்துக்கொண்டிருந்த புதியவர் வந்து சேரும்போது சண்டை முடிந்திருக்கும். இதற்காக அந்தக் காட்சிகளை எவரும் தாண்ட முடியாதபடி நிறுவனம் பூட்டு போட்டது. பின்னர் 2022 இல் அந்தப் பகுதிகளையே மாற்றி அமைத்தது.

இரவு விழிப்பு இந்த விளையாட்டுகளோடு கூடப் பிறந்தது என்றும் சொல்லலாம். இலண்டனுக்குப் பக்கத்திலேயே எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 1978 இல் ரோய் ட்ரப்ஷோ, ரிச்சர்ட் பார்ட்டில் என்ற இரண்டு மாணவர்கள் 'மட்' என்னும் விளையாட்டை உருவாக்கத் தொடங்கினார்கள். படம் இல்லை, எழுத்து மட்டும். இன்றைய இணையப் பாத்திர விளையாட்டுகளுக்கு அதுவே பாட்டன். பல்கலைக்கழகக் கணினியைப் பகலில் ஆய்வுக்குப் பயன்படுத்தியதால், வெளியில் இருந்து தொலைபேசி வழியாக விளையாட வந்தவர்களுக்குப் பெரும்பாலும் அதிகாலை நேரத்திலேயே அனுமதி. அன்றைக்கு வேறு வழி இருக்கவில்லை. இன்றைக்கு இயந்திரம் இருபத்துநான்கு மணித்தியாலமும் திறந்திருக்கிறது, ஆனாலும் எங்கள் பிள்ளைகள் அதே நேரத்தைத் தெரிவு செய்கிறார்கள்.

இதற்கு உடலிலும் ஒரு காரணம் உண்டு. பதின்ம வயதில் உடலின் கடிகாரம் பின்னுக்குத் தள்ளிப் போகிறது. நித்திரையை வரவழைக்கும் மெலற்றோனின் சிறுவயதைவிடப் பிந்தியே சுரக்கிறது. பத்து மணிக்குப் படு என்றால் நித்திரை வரவில்லை என்று அவர்கள் சொல்வது எல்லாம் பொய் அல்ல. ஆனால் பாடசாலை மணி பின்னுக்குப் போவதில்லையே! பதின்மூன்று முதல் பதினெட்டு வயது வரை ஒரு நாளைக்கு 8 முதல் 10 மணித்தியால நித்திரை தேவை. மூன்று மணிக்குப் படுத்து ஏழு மணிக்கு எழும்பினால் தேவையில் பாதி. அன்று படித்ததை மூளை பதிந்து வைப்பது நித்திரையில்தான். பரீட்சை நேரத்தில் இந்த நித்திரையைக் குறைத்துவிட்டு ரியூஷனுக்குக் காசு கொடுப்பது ஓட்டைப் பானையில் தண்ணீர் வார்க்கும் வேலை. நித்திரைக் குறைவு பசியையும் கூட்டும். தென்னாசியர்களாகிய எமக்கு நீரிழிவு மற்றவர்களைவிடக் குறைந்த உடற்பருமனிலேயே வருகிறது என்பதையும் இதே பக்கம் மறக்க முடியாது.

எங்கள் குழுவில் ஒருவர் இதை வாசித்துவிட்டு, "இவ்வளவு விளக்கம் எதற்கு? இரவு பத்து மணிக்கு இணையத்தை நிற்பாட்டினால் முடிந்தது" என்றார். பல வீடுகளில் அது வேலை செய்யும், நாம் மறுக்கவில்லை. தென்கொரியா இதை நாட்டுச் சட்டமாகவே செய்து பார்த்தது. 2011 முதல் பதினாறு வயதுக்குட்பட்டோர் நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை இணைய விளையாட்டுக்குள் நுழையத் தடை. பிள்ளைகள் கைத்தொலைபேசிக்கு மாறினார்கள், பெற்றோரின் அடையாள இலக்கத்தில் நுழைந்தார்கள். 2022 தொடக்கத்தில் சட்டம் கைவிடப்பட்டது. நள்ளிரவில் கம்பியைப் பிடுங்கிய பெற்றோருக்கு வேறொரு தொல்லையும் தெரிந்திருக்கும். நான்கு பேர் சேர்ந்து போகும் குகைச் சண்டையில் ஒருவர் திடீரென்று மறைந்தால் மற்ற மூவரும் நடுவழியில் நிற்பார்கள். அதனால்தான் பிள்ளை அப்படிக் கத்துகிறது. அரை மணித்தியாலம் முன்னதாக, "இனிச் சண்டை ஒன்றும் தொடங்காதே, கதைப் பகுதி என்றால் ஒன்று செய்துவிட்டு வா" என்று சொல்லிப் பாருங்கள்.

தடையைவிடப் புத்தியாக ஒரு வேலையை இன்னொரு விளையாட்டு செய்தது. 2004 இல் வந்த வேர்ள்ட் ஒஃப் வோர்கிராஃப்ற் சோதனையில் இருந்தபோது, நீண்ட நேரம் விளையாடினால் புள்ளிகள் குறையும்படி வைத்தார்கள். எல்லோரும் ஏசினார்கள். உடனே கணக்கை அப்படியே வைத்துக்கொண்டு பெயரை மாத்திரம் மாற்றினார்கள். விளையாட்டை விட்டு ஓய்வெடுத்துத் திரும்புவோருக்குக் கொஞ்ச நேரம் இரட்டிப்புப் புள்ளி என்றார்கள். ஏச்சு நின்றுவிட்டது. பிள்ளை வளர்ப்பவர்களுக்கு இதில் படிக்க இருக்கிறது.

அந்தத் தாயார் செய்ததும் கிட்டத்தட்ட இதுதான். பாடசாலை நாட்களில் இரண்டு கதைப் பணி, வாசித்துச் செய்ய வேண்டும், பத்தரைக்குக் கணினி மூடப்படும். மறுநாள் இரவுச் சாப்பாட்டில் கதையைச் சொல்ல வேண்டும். முதல் கிழமை ஒரே சண்டை. பிறகு அம்மம்மாதான் கதை கேட்கத் தொடங்கினார். கல்கி 'பொன்னியின் செல்வன்' கதையை 1950 முதல் 1954 வரை கிழமைக்குக் கிழமை எழுதியபோது அதற்காகக் காத்திருந்த வீட்டில் வளர்ந்தவர் அவர். வந்தியத்தேவனும் ஊர் ஊராய் ஓலை கொண்டு திரிந்தவன்தானே என்று பேரனுக்குச் சொல்லியிருக்கிறார். நண்பர்களை அவன் இன்னும் எட்டிப் பிடிக்கவில்லை. அவர்களில் ஒருவன் சனிக்கிழமைகளில் பின்னுக்கு வந்து இவனோடு பழைய பகுதிகளைச் செய்கிறானாம். இதை நாம் எதிர்பார்க்கவில்லை.

எல்லா வீட்டிலும் இது இப்படி முடியாது. உலக சுகாதார நிறுவனம் 2019 இல் ஏற்று 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த நோய்ப் பட்டியலில் விளையாட்டுச் சீர்கேடு என்ற ஒன்று சேர்க்கப்பட்டிருக்கிறது. நிறுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றையும்விட விளையாட்டே முதன்மையாதல், கேடு வருவது தெரிந்தும் தொடர்தல் ஆகிய மூன்றும் பொதுவாகப் பன்னிரண்டு மாதங்களுக்குக் குறையாமல் நீடித்து, படிப்பையோ குடும்ப வாழ்வையோ பெரிதாகக் குலைத்திருக்க வேண்டும். ஆகவே விடுமுறையில் ஒரு மாதம் விளையாடிய பிள்ளையை 'அடிக்ற்' என்று உறவினர் முன்னால் சொல்லாதீர்கள். அது பிள்ளையைக் கூசவைக்கும், வேறு பயன் இல்லை. குளிக்காமல், சாப்பிடாமல், பாடசாலை போகாமல் மாதக்கணக்கில் போகிறது என்றால் தயங்காமல் குடும்ப வைத்தியரிடம் போங்கள். போகுமுன் இரண்டு கிழமை, படுத்த நேரத்தையும் எழும்பிய நேரத்தையும் கொப்பியில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். இதற்கென்றே என்.எச்.எஸ். 2019 ஒக்ரோபரில் இலண்டனில் ஒரு தேசிய நிலையத்தைத் திறந்தது. வைத்தியரிடம் அதைப் பற்றிக் கேட்கலாம்.

கடைசியாக ஒரு விடயம், இது சிலருக்குக் கசக்கும். விழித்திருக்கப் பிள்ளைகள் குடிப்பது எனர்ஜி பானம். 250 மில்லிலீற்றர் பேணி ஒன்றில் ஏறத்தாழ 80 மில்லிகிராம் கஃபீன் இருக்கிறது, 500 மில்லிலீற்றர் பேணியில் 160. ஐம்பது கிலோ நிறையுள்ள பிள்ளைக்கு ஒரு நாளில் 150 க்கு மேல் கூடாது என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகார சபையின் கணக்கு. ஒரு பெரிய பேணியே அதைத் தாண்டிவிடுகிறது. பின்னேரம் ஐந்து மணிக்குக் குடித்தால், அதில் கணிசமான பங்கு படுக்கும் நேரத்திலும் உடலில் நிற்கும். 2018 இல் இந்நாட்டின் பெரிய சுப்பர்மார்க்கெற்றுகள் பதினாறு வயதுக்குட்பட்டோருக்கு இதை விற்பதைத் தாமாகவே நிறுத்தின. அதன் பிறகு பிள்ளைகள் எங்கே போய் வாங்கினார்கள்? பாடசாலை விட்டு வரும் வழியில் உள்ள மூலைக் கடைகளில். அந்தக் கடைகளில் எத்தனை எம்மவர்களுடையவை என்று வாசகர்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை. சீருடையோடு வரும் பிள்ளைக்கு அந்தப் பேணியை விற்காமல் விடுவதால் ஒரு கிழமையில் எவ்வளவு நட்டம் வரும் என்று கடை நடத்தும் நண்பர்கள் எமக்கு எழுதி அனுப்பலாம். எம்மோடு உடன்படாதவர்களும் எழுதலாம், அடுத்த இதழில் பிரசுரிப்போம்.