மலாக்கா அணி திரும்பிவிட்டது. நம் பிள்ளைகள் ஏற ஏணி இருக்கிறதா?

மலேசிய சூப்பர் லீக் காற்பந்துப் போட்டியின் 2025-26 பருவத்தில் இடம்பெற்ற 13 அணிகளில் மலாக்கா எஃப்.சி.யும் ஒன்று. நாட்டின் உச்ச லீக்கில் மலாக்காவின் பெயர் ஏறக்குறைய மூன்று ஆண்டுகளாக இல்லாமல் இருந்தது. அந்தப் பெயர் திரும்பியிருப்பது மாநிலத்தின் காற்பந்து ரசிகர்களுக்கு மகிழ்ச்சியான செய்தி. ஆனால் ஜாசின், மெர்லிமாவ், அலோர்காஜா, தெபோங் வட்டாரங்களில் மாலை நேரத்தில் பந்து உதைக்கும் நம் பையன்களுக்கு இதனால் என்ன கிடைக்கப் போகிறது என்பது தனிக் கேள்வி. 2022-இல் நடந்ததைத் திரும்பிப் பார்க்காமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது.

ஒரே ஆண்டில் இரண்டு கதவுகள்

மலாக்கா காற்பந்துக்குப் பெருமையான வரலாறு உண்டு. 1983-ஆம் ஆண்டு மலேசிய லீக் கிண்ணம் மலாக்காவுக்கே வந்தது. ‘தௌக்கே’ என்று நாடே அழைத்த தேசிய அணித் தலைவர் சோ சின் ஆன் அலோர்காஜாவைச் சேர்ந்தவர். அதன் பிறகு ஏற்றமும் இறக்கமுமாகப் போன மாநில அணி, மலாக்கா யுனைடெட் என்ற பெயரில் 2015-இல் எஃப்.ஏ.எம். லீக்கிலிருந்து மேலேறியது. 2016-இல் பிரிமியர் லீக் சாம்பியன் ஆனது. 2017 முதல் 2022 வரை ஆறு பருவங்கள் சூப்பர் லீக்கில் நின்றது. பின்னர், ஆட்டக்காரர்களின் சம்பள பாக்கி தீராததால் 2023 பருவத்துக்கான உரிமம் அதற்குக் கிடைக்கவில்லை. மலாக்காவைத் தோற்கடித்தது எதிரணி அல்ல, கணக்குப் புத்தகம்தான்.

இந்திய சமுதாயத்துக்கு அதே ஆண்டில் இன்னொரு இழப்பும் நேர்ந்தது. மலேசிய இந்தியர் காற்பந்து சங்கமான மீஃபாவின் அணி 2017-இல் பிரிமியர் லீக்கில் ஆடத் தொடங்கியது. 2018 பருவத்துக்குப் பின் மேலேறி, 2019 முதல் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற புதிய பெயரில் சூப்பர் லீக்கில் ஆடியது. கே. தேவன், பி. மணியம் ஆகியோர் அதன் பயிற்றுநர்களாக இருந்தனர். அந்த அணியில் ஆடிய காலத்திலேயே கோகிலேஸ்வரன் ராஜ் தேசிய அணிக்கு அழைக்கப்பட்டார். கடைசிப் பருவத்தில் வெளிநாட்டு ஆட்டக்காரர் ஒருவரும் இல்லாமல், உள்ளூர் வீரர்களை மட்டுமே வைத்து அது களம் கண்டது. நான்கு பருவங்கள் முடிந்ததும், 2022 இறுதியில், லீக்கிலிருந்து தானாகவே விலகியது.

ஆக, மலாக்காவில் வளரும் ஓர் இந்திய இளைஞன் நிபுணத்துவ ஆட்டக்காரனாக உயர இருந்த இரண்டு நேரடி வழிகள் ஒரே நேரத்தில் மூடப்பட்டன. ஒன்று சொந்த மாநில அணி, மற்றொன்று சமுதாயத்தின் மடியில் பிறந்த அணி.

கிண்ணம் அல்ல, சம்பளம்

இது மலாக்காவின் கதை மட்டுமல்ல. 2023-க்கான உரிமம் சரவாக் யுனைடெட்டுக்கும் மறுக்கப்பட்டது. 2025-26 பருவம் தொடங்குமுன் பேராக், ஸ்ரீ பகாங், கெடா ஆகிய மூன்று பழம்பெரும் அணிகளின் பெயர்கள் சூப்பர் லீக் பட்டியலில் இல்லாமல் போயின. மறுபக்கம், ஜொகூர் டாருல் தக்சிம் 2014 முதல் ஒவ்வொரு பருவமும் லீக் சாம்பியன். இரு தரப்புக்கும் உள்ள இடைவெளியைத் திறமையை மட்டும் வைத்து விளக்க முடியாது. சொந்தப் பயிற்சித் திடல், இளையோர் அணிகள், மாதம் தவறாத சம்பளம் ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் ஒரு கிளப் நிலைக்கும்.

நம் நாட்டின் மாநில அணிகள் நீண்ட காலம் மாநில அரசின் மானியத்தையும் அரசு சார்ந்த நிறுவனங்களின் ஆதரவையும் நம்பியே ஓடின. காற்பந்து சங்கங்களிலிருந்து கிளப்புகளைப் பிரித்துத் தனி நிறுவனங்களாக்க வேண்டும் என்ற விதி 2021 பருவத்தையொட்டி நடப்புக்கு வந்தது. கோவிட் காலத்தில் அரங்குகள் காலியாகக் கிடந்த நேரம் அது. நுழைவுச்சீட்டு வருமானம் இல்லை, ஆதரவாளர்களும் கையைச் சுருக்கிக்கொண்டனர். நிறுவனம் என்ற பெயர்ப் பலகை மாறியதே தவிர, வருமானத்துக்கான வழி மாறவில்லை. ஒரே ஓர் உரிமையாளரையோ ஒரே ஓர் ஆதரவாளரையோ நம்பிய கிளப், அவர் விலகும் நாளில் சாய்ந்துவிடுகிறது.

சம்பளம் வராத ஆட்டக்காரனின் வீட்டு நிலைமையை எண்ணிப் பாருங்கள். பலரின் ஒப்பந்தம் ஓராண்டு, ஈராண்டுக்குத்தான். வாடகை, மோட்டார் தவணை, ஊரில் இருக்கும் பெற்றோருக்கு அனுப்ப வேண்டிய தொகை எதுவும் காத்திருக்காது. பத்து பெரெண்டாம் தொழிற்சாலையில் மாதம் தவறாமல் சம்பளம் வரும்போது, “பந்து விளையாடி என்னடா ஆகப்போகிறது?” என்று ஒரு தாய் கேட்டால், அவரைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை.

திடல் போனது, நடுப்படியும் போனது

ஒரு காலத்தில் தோட்டங்களில் கோயிலும் பள்ளியும் போலத் திடலும் இருந்தது. தோட்டங்களுக்கிடையே நடந்த போட்டிகளில் பையன்கள் பழகினார்கள். தோட்டங்கள் விற்கப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாகவும் செம்பனைக் காடுகளாகவும் மாறி, குடும்பங்கள் பட்டணத்துக்கு நகர்ந்தபோது பல திடல்களும் போய்விட்டன. மலாக்காவில் 21 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவற்றுள் மாணவர் எண்ணிக்கை குறைந்த பள்ளிகளில் ஒரே வயதுப் பிரிவில் 11 பேரைத் திரட்டுவதே பெரும்பாடு.

மேல்மட்டத்திலும் ஒரு படி காணாமல் போனது. 2022-க்குப் பிறகு பிரிமியர் லீக் நிறுத்தப்பட்டது. அதன் இடத்தை நிரப்ப ஏ1 செமி-புரோ லீக் 2024-25 பருவத்தில்தான் வந்தது. மலாக்கா எஃப்.சி.யும் அதில் ஆடிவிட்டுத்தான் மேலே வந்திருக்கிறது. பத்தொன்பது, இருபது வயதில் ஆட்டம் பழகவேண்டிய இளைஞனுக்கு அந்த இடைவெளி பெரிய நட்டம்.

ஆற்றல் நம்மிடம் வற்றிவிடவில்லை. ஆர். ஆறுமுகம், சந்தோக் சிங் காலத்துப் பெருமையை இன்றும் பேசுகிறோம். 2010-இல் மலேசியா தென்கிழக்காசியக் கிண்ணத்தை வென்றபோது பயிற்றுநர் கே. ராஜகோபால். 2021-இல் நெகிரி செம்பிலானைச் சூப்பர் லீக்குக்கு உயர்த்தியவர் கே. தேவன். ஓரத்தில் நின்று வழிநடத்த நம்மவர் இருக்கிறார்கள். களத்துக்குள் இறங்குபவர்களின் வரிசையைத்தான் நீளமாக்க வேண்டியிருக்கிறது.

இனி என்ன?

இன்னொரு நிபுணத்துவ கிளப்பைத் தொடங்குவது இதற்குத் தீர்வாகாது. ஆண்டுக்குப் பல லட்சம் வெள்ளி கேட்கும் அந்தச் சுமையைச் சமுதாயம் ஒருமுறை சுமந்து பார்த்துவிட்டது. அதில் சிறு பங்கைக் கீழ்ப்படிகளில் போட்டாலே பலன் கிடைக்கும். இரண்டு மூன்று தமிழ்ப்பள்ளிகள் சேர்ந்து ஓர் அணி அமைக்கலாம். வார இறுதிப் பயிற்சிக்கு வேன் ஏற்பாடு செய்யலாம். ஊருக்கு ஓர் இளைஞரையாவது ஆசியக் காற்பந்து சம்மேளனத்தின் ‘டி’, ‘சி’ பயிற்றுநர் சான்றிதழ் படிப்புக்கு அனுப்பலாம். கோயில் திருவிழாவுக்கும் விருந்து நிகழ்ச்சிக்கும் நன்கொடை தரும் கைகளுக்கு இது பெரிய செலவல்ல.

மாநில கிளப்பிடமும் கேட்க வேண்டியவை உண்டு. இளையோர் அணிகளுக்கான தேர்வு எப்போது, எங்கே நடக்கிறது என்பதைத் தோட்டப்புறப் பள்ளிகளுக்கும் தெரிவிக்க வேண்டும். ஒப்பந்தம் போடும் பையனின் பெற்றோரும் ஊழியர் சேமநிதி, சொக்சோ பிடித்தம் உண்டா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். சம்பளம் தடைப்பட்டால் முறையிட மலேசிய நிபுணத்துவக் காற்பந்து ஆட்டக்காரர்கள் சங்கம் இருக்கிறது என்பதையும் அறிந்திருக்க வேண்டும்.

குருபோங்கில் உள்ள ஹாங் ஜெபாட் அரங்கில் 40,000 பேர் அமரலாம். அங்கே போய்க் கைதட்ட நம்மவர் என்றுமே தயங்கியதில்லை. அடுத்த பத்தாண்டில் அங்கே களமிறங்கும் பதினொருவரில் மெர்லிமாவ் பையன் ஒருவன் இருப்பானா என்பது, அந்த அரங்கில் முடிவாகப் போவதில்லை. அவன் படிக்கும் பள்ளித் திடலில் இந்த வாரம் யார் விசில் ஊதிப் பயிற்சி தருகிறார் என்பதில்தான் அது முடிவாகும்.